பிணத்தைக் காட்டி வாசகரைச் சேர்க்காதீர்கள்

‘ரீச் இல்லை தோழர்’ என்ற பேச்சு எழாத கூட்டம் ஒன்றை இந்த ஐந்தாறு ஆண்டுகளில் நான் பார்க்கவில்லை. சமீபத்தில் விருதுநகரில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசினோம். சாதி ஒழிப்பு எழுத்தை இந்த மாவட்டத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் தலைப்பு. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் ரீச் பற்றியே போனது. தலைப்பைச் சூடாக வை என்றார் ஒருவர். ஆதிக்கச் சாதியின் பெயரைத் தலைப்பிலேயே போடு, அவன் திட்ட வருவான், அவனுக்குப் பதில் சொல்ல நம்மாள் வருவான், எண்ணிக்கை தானாக ஏறும் என்றார் இன்னொருவர். வெடி விபத்து நடந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் படத்தோடு போட்டுவிட வேண்டும் என்று மூன்றாமவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறைக்குத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மீதே குற்றம் சொல்லிக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் விபத்து. கருகிக் கிடந்த ஒரு பெண்ணின் படம் செல்போனில் வந்தது. அதை எங்கள் பக்கத்தில் போட்டவர்களில் நானும் ஒருவன். மேலே நாலு வரி கோபமாக எழுதினோம். அதுவரை நாங்கள் எழுதிய எதற்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அன்று இரவு எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

காரியத்துக்குப் போனபோது இறந்தவரின் அக்கா மகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. ‘அண்ணே, எங்க சித்தி சேலை எப்பவும் ஒழுங்கா கட்டியிருப்பாங்க. ஊரே அவங்கள அப்பிடிப் பாக்கணும்னுதான் நீங்கள்லாம் படிச்சீங்களா?’ என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கே படத்தை எடுத்தோம். எடுத்து என்ன, அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் பெரிய வீட்டில் ஒரு சாவு என்றால் அந்தப் பிணத்தின் படம் இப்படி வருமா? மாலை போட்டு, பொட்டு வைத்து, சட்டமிட்ட பழைய படம்தான் வரும். காலனிப் பிணத்துக்கு மட்டும் முகத்தை மறைக்கத் தேவையில்லை என்பது இந்த நாட்டில் எழுதாத விதி. சாதியை எதிர்க்கிற நாமும் அந்த விதிப்படி நடந்தோம். சரி, அந்த ஆயிரக்கணக்கான பேர் அடுத்த வாரம் எங்கே போனார்கள்? அடுத்த விபத்தைப் பார்க்கப் போனார்கள்.

இந்த வட்டாரத்தில் அடுத்த விபத்துக்கு ஆளும் பேரும் குறைவே இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, குறைந்தது 38 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 19 பேருக்கு மேல். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. நடுவில் ஒருவர், இருவர் என்று செத்தவை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு சரி. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூட்டம் சேரும், மூன்றாம் நாள் கலையும். செத்தவர் வீட்டில் மூன்றாம் நாள்தான் வேலையே ஆரம்பிக்கும். எந்தக் காகிதம் வாங்க வேண்டும், யாரிடம் போக வேண்டும், உள்குத்தகைக்கு எடுத்தவன் ஓடிவிட்டால் லைசென்ஸ்காரனைக் கேட்கலாமா, கேட்டால் கிடைக்குமா? அந்த மூன்றாம் நாளுக்கு நம்மிடம் எழுத்து உண்டா என்பதுதான் என் சண்டை.

வாசகர் எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘புரிந்த நூறு பேர் போதும்’ என்கிற சிறுபத்திரிகைத் திமிர் எனக்கு ஆகாது. படிப்பு மறுக்கப்பட்டவர்களின் இயக்கம் நூறு பேரோடு திருப்திப்பட்டால் அது பஜனை மடம். எனக்கு லட்சம் வாசகர் வேண்டும். அந்த லட்சம் யார், எதற்காக நம்மிடம் வருகிறார்கள் என்பதில்தான் தகராறு.

இதற்கு நம் வரலாற்றில் பாடம் இருக்கிறது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம், மாத இதழ், விலை 2 அணா. எந்தச் சொல்லால் அவமானப்படுத்தினார்களோ அதையே தலைப்பாக வைத்தார். கையில் பெரிய முதல் கிடையாது. சென்னையில் இரண்டு நாளில் சுமார் 400 பிரதி விற்றது. மூன்றே மாதத்தில் வார இதழாயிற்று, இரண்டு ஆண்டுக்குள் சொந்த அச்சுக்கூடமும் வந்தது. 400 என்ற எண்ணைப் பார்த்து இன்றைய தோழர் உதட்டைப் பிதுக்குவார். அதே காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு சேர்த்து இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். அப்படி நடத்தினால் பதவி முழுவதும் உயர்சாதியார் கைக்குப் போகும் என்று சீனிவாசன் எதிர்த்து, பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதில் 3412 பேர் கையெழுத்து, மனுவின் நீளம் 112 அடி. கையெழுத்திட்ட எல்லோரும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று நான் சொல்லவில்லை, வாங்கியிருக்கவும் முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய தெருக்கள் அவை. ஒருவர் வாசிக்க எட்டுப் பேர் கேட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். அந்த எட்டுப் பேரையும் நான் வாசகர் என்றே சொல்வேன்.

1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. விலையே பெயர். ஓராண்டு கழித்து ‘ஒரு பைசா’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தமிழன்’ ஆக்கினார்கள், வாசகர்கள் கேட்டுக்கொண்டதால். பெயரை மாற்றச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கிற வாசகர் நம்மில் யாருக்கு இருக்கிறார்? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களும் ரங்கூனுக்குக் கப்பலேறியவர்களும் அதைப் படித்தார்கள், கேள்வி எழுதி அனுப்பினார்கள், அவர் பதில் எழுதினார். பவுத்தமும் சரித்திரமும் எழுதிய அதே பத்திரிகையில் மருத்துவம் இருந்தது, பெண்களுக்கான பகுதி இருந்தது. 1914இல் அவர் இறந்த பிறகும் மகன் பட்டாபிராமன் சிலகாலம் நடத்தினார். 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்தே மறுபடியும் கொண்டுவந்தார். வாசகர் இருந்த ஊருக்கே பத்திரிகை குடிபெயர்ந்தது.

விளம்பரம் செய்யலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்து விளம்பரம் போடச் சொல்லியும் திலகரின் ‘கேசரி’ மறுத்தது. திலகர் உயிரோடு இருந்த காலம் அது. ‘சுயராஜ்யம் என் பிறப்புரிமை’ என்றவரின் பத்திரிகையில், ஊமைகளின் தலைவன் என்று பொருள்படும் ஒரு பத்திரிகைக்குக் காசு கொடுத்தும் இரண்டு அங்குல இடம் கிடைக்கவில்லை. இன்று அந்த இடத்தில் செல்போன் கம்பெனிகளின் கணக்குப்பொறி உட்கார்ந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிறதே என்பீர்கள். தருகிறது. குருபூஜை ஸ்டேட்டஸ் வீடியோ போடுகிறவனிடமும் வாங்கிக்கொண்டு தருகிறது, அவனிடம் நம்மைவிட நூறு மடங்கு காசு இருக்கிறது. அந்தச் சந்தையில் அவனை ஜெயிக்க நினைப்பது வீண் ஆசை. அவன் சாதிப் பெருமை விற்கிறான், நாம் பதிலுக்குச் சாதிச் சண்டை விற்கப் போகிறோமா? திட்ட வருகிறவன் வாசகன் இல்லை தோழர், அவன் எதிர்க்கட்சிப் பார்வையாளன். அவனை எண்ணி எண்ணி எழுதினால் நம் எழுத்து நாளடைவில் அவனுக்காகவே எழுதப்படும். நம் தெருப்பிள்ளை அதில் எட்டிப்பார்ப்பதோடு சரி.

அமெரிக்காவில் 1905இல் ராபர்ட் அபாட் ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையை 300 பிரதியோடு ஆரம்பித்தார். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் அதைத் தடுத்தார்கள், பறித்தார்கள். அப்புறம் அது எப்படிப் போனது? ரயில் பெட்டிகளில் பணியாளராக வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டுக் கட்டாகத் தெற்கே கொண்டுபோனார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் காலை ஆறரை மணி வேன்தான் ஞாபகம் வந்தது. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றுகிற வெடி ஆபீஸ் வேன். தூக்குவாளியோடு ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகிற பெண்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. அதில் ஜோசியம் வருகிறது, சீரியல் துண்டு வருகிறது, சாதிச்சங்கத் தலைவர் வருகிறார். நாம் வருவதில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. 1925இல் ஈரோட்டில் ‘குடிஅரசு’ தொடங்கியது. 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு இதே விருதுநகரில் நடந்தது. ‘குடிஅரசு’க்குச் சந்தா கட்டியவரைவிட, டீக்கடையிலும் சலூனிலும் படிப்பகத்திலும் வாசித்ததைக் கேட்டவர்தான் அதிகம்.

இந்த ஊர் சொல்லித்தரும் இன்னொரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். 1899இல் சிவகாசியில் நாடார்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் கொளுத்தப்பட்டன. கோயிலுக்குள் போகக் கூடாது என்று கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. அவர்கள் என்ன செய்தார்கள்? வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அடி வாங்கிய சமூகம் இரண்டு மூன்று தலைமுறையில் படித்த சமூகம் ஆனது. காசு காசாகச் சேர்த்துப் படிப்பாளியை உருவாக்குவது எப்படி என்று விருதுநகர் வீதியைவிட நன்றாகச் சொல்லித்தர யாரும் இல்லை. மறுபாதியையும் சொல்கிறேன். அந்தப் பள்ளிகளில் ஒன்றின் பெயர் க்ஷத்ரிய வித்யாசாலா. ஏறியவர்கள் ஏணியின் மேல்படிக்குச் சொந்தம் கொண்டாடினார்கள், ஏணியை உடைக்கவில்லை. எங்கள் ஊரில் இன்றும் மருந்து கலக்கக் காலனி ஆள், கணக்கு எழுத வேறு தெரு ஆள். மகமையை எடுத்துக்கொள்வோம், க்ஷத்ரியத்தை விட்டுவிடுவோம்.

இனி என் அனுபவம். அந்தப் படத்துக்குப் பிறகு எங்களுக்கு எழுதவே கூச்சமாக இருந்தது. ஆறு மாதம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு தாள் தயாரித்தோம். தலைப்பு: ‘வெடி விபத்தில் இறந்தவர் குடும்பம் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை’. முதல் தகவல் அறிக்கை நகல், உடற்கூறு அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எங்கெங்கே வாங்குவது, இ.எஸ்.ஐ. எண் இருந்தால் சார்ந்திருப்போருக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கேட்கலாம். இல்லையென்றால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்று அப்போதிருந்த நிலைமையை எழுதினோம். உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வேறொருவர் கையிலும் இருந்தால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். மருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார வைத்தால் அது விதிமீறல் என்று ஒரு வரி. திரி வெட்டியே இருபது வருஷம் ஓட்டிய என் அம்மா கேட்டுப் புரிந்துகொள்ளும்வரை அந்தத் தாளை ஏழு முறை திருத்தினேன். ‘அன்னார்’னா யாரு? என்று கேட்டார். எடுத்தேன்.

அச்சடிக்கப் போனது வேடிக்கை. நாட்டின் சுவர்களில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் பெரும்பங்கு சிவகாசியில் அடிப்பது. எல்லாச் சாமியையும் எல்லாக் கட்சியையும் எல்லாச் சாதித் தலைவரையும் அடிக்கிற ஊர். அங்கே ஒரு அச்சக உரிமையாளர் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘தம்பி, கீழ அச்சகம் பேரு போடாம அடிச்சா கேசு. பேரு போட்டு அடிச்சா எனக்கு லேபிள் ஆர்டர் போயிரும். தப்பா நெனைக்காதீங்க’ என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. மரியாதையாக மறுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் அச்சுயந்திரம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அந்த ஒரு டீயில் விளங்கியது. ஜெராக்ஸ் எடுத்தோம், இருநூறு. டீக்கடை, ரேஷன் கடைச் சுவர், வேன் நிற்கிற இடம் என்று ஒட்டினோம். வாசிக்க முடியாதவர்களுக்காக ஒரு தோழி அதைத் தன் குரலில் பதிவு செய்து கொடுத்தார். ஐந்து நிமிடம்.

அந்தக் குரல் எத்தனை செல்போனுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. எண்ண முடியாத வழியில் போனது. மூன்று மாதம் கழித்து வேறு தாலுகாவிலிருந்து ஒரு அம்மா என்னை அழைத்து, ‘அந்தப் பேப்பர்ல வாரிசு சர்ட்டிபிகேட்டுனு சொன்னீங்கள்ல, தாசில்தார் ஆபீஸ்ல இல்லைங்கிறாங்க தம்பி’ என்றார். நாங்கள் போனோம். கிடைத்தது.

‘இது என்.ஜி.ஓ. வேலை, கருத்தியல் வேலை இல்லை’ என்று ஒரு மூத்த தோழர் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கருத்தியல் எப்படி வந்தது என்று கேளுங்கள் அண்ணா. தாளைக் கேட்ட பெண்கள் அடுத்த முறை எங்களைக் கண்டதும் கேட்டது நிவாரணம் பற்றி இல்லை. ‘உள்குத்தகைக்காரன் ஏன் நம்ம தெருவுல மட்டும் முன்பணம் குடுக்கான்?’ என்று கேட்டார்கள். ‘செத்தா ரெண்டு நாள்ல கலெக்டர் வர்றாரு, உசுரோட இருக்கையில சுடுகாட்டுப் பாதை கேட்டா ஏன் ரெண்டு வருஷம் ஆகுது?’ என்று கேட்டார்கள். நான் பார்ப்பனியம் பற்றி எழுதிய எட்டுக் கட்டுரைகளில் ஒன்றுகூட இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. இரண்டாவது தாள் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வந்தது. அதில் அம்பேத்கர் இருந்தார், பெரியார் இருந்தார், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்ற விளக்கமும் இருந்தது. அம்மா ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை.

ஆகவே விருதுநகர்க் கூட்டத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். செத்தவர் படத்தைக் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் நம் தளம் எதுவும் வெளியிடக் கூடாது. ஒப்புதல் கேட்கும் நாள் காரியம் நடக்கிற நாளாக இருக்கக் கூடாது. சாதிப் பெயரைத் தூண்டிலில் கோத்துத் தலைப்பு வைப்பதை நிறுத்த வேண்டும். எழுதுகிற ஒவ்வொன்றும் உரக்க வாசித்துக் கேட்கத்தக்கதாக இருக்க வேண்டும், கூடவே குரல் பதிவு போக வேண்டும். வேலைக்குப் போகிற தோழர்கள் மாதம் நூறு ரூபாய் மகமை எடுத்தால் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிருக்காது. வாசகர் எத்தனை பேர் என்று மாதாமாதம் கேட்கிற தோழர், கேள்வி எத்தனை வந்தது என்றும் சேர்த்துக் கேட்கட்டும். என்னிடம் இந்த மாதம் பதினோரு கேள்வி இருக்கிறது. அதில் நாலுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பி.எஃப். பற்றியது, ஒன்று கோயில் வரி பற்றியது. இன்னொன்று, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண், பிரசவத்துக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பயமில்லாமல் இருக்கலாம் என்று கேட்டது.

மூன்றாவது தாள் இந்த நாலுக்கும் பதிலோடு வர வேண்டும். சட்டம் படித்த தோழர்களும் செவிலியராக இருக்கும் தோழிகளும் எழுதுங்கள். ஒட்டுவதற்கு ஆள் வேண்டும், காலை ஐந்தரைக்கு வரக்கூடியவர்கள். பசை நாங்கள் காய்ச்சிவிடுகிறோம்.